நீலத் தூளில் மூன்று கோடு

எங்கள் மர மில்லின் ஆண்டு விழாவுக்கு அதன் வரலாற்றை எழுதி, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ‘இரு சகோதரர்களின் உழைப்பு’ என்று தலைப்பு. மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை வாசித்தேன். நான் எங்குமே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், டண்டினோங் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில்தான் தொடங்கினோம். என் மனுசன் கிப்ஸ்லாந்துத் தோட்டங்களில் மரம் வெட்டி லொறியில் கொண்டுவருவார். அவருடைய தமையன் அவற்றை இயந்திர வாளில் கொடுத்து, கூரைக்கு ஓடுபோல வேய்கிற மெல்லிய துண்டுகளாக அரிவார். இங்கே ஷிங்கிள்ஸ் என்பார்கள். முதல் மாதமே தமையனின் வலது கை மோதிர விரலை வாள் அடியோடு கொண்டுபோய்விட்டது. என் சால்வையால் சுற்றிக்கட்டி, கார் பழகுகிறவர்கள் மாட்டுகிற எல் பிளேட்டோடு கார் ஓட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தது யார்? நான்தான். அது வரலாற்றில் இல்லை, போகட்டும்.

ஆனால் நாங்கள் துண்டு கொடுத்த முதல் கூரை? அதை எப்படி விடுவது! நல்லது கெட்டது பாராமல் எல்லாவற்றையும் கட்டுக்கட்டி அனுப்பினார் தமையன். முதல் மழைக்கே வீட்டுக்காரியின் குசினிக்குள் தண்ணீர். அவள் கொட்டகைக்கு வந்து கிழித்த கிழியையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றவளும் நான்தான். ஆம்பிளைச் சிங்கங்கள் இரண்டும் லொறிக்குப் பின்னால் நின்றன.

அடுத்த நாளே தரம் பிரிக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நோபல் பார்க் வீட்டிலிருந்து கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போவேன். வாள் இரைச்சலுக்கு அவள் காதில் பஞ்சு அடைத்து, தள்ளுவண்டிலில் பக்கத்திலேயே வைத்திருப்பேன். கணு விழுந்தது, வெடித்தது, கோணியது எல்லாவற்றையும் ஒருபக்கம் எறிவேன். தேறியதைக் கட்டி, தச்சர் கோடு போடுகிற நீலச் சோக்குத் தூளில் வலக்கையின் நடு மூன்று விரலைத் தோய்த்து, நெற்றியில் திருநீறு பூசுகிறமாதிரி மேல் துண்டில் ஒரே இழுவை. அந்த மூன்று கோடு இல்லாத கட்டு லொறியில் ஏறாது. மகள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை இதுதான் என் வேலை.

சுவரில் என்ன எழுதியிருக்கிறது? ‘ஒவ்வொரு கட்டையும் மூத்தவரே சோதித்து, தன் கையால் திருநீற்றுக் குறி இட்டு அனுப்பினார்.’ கீழே மேசையில், யாரோ கூரை மாற்றும்போது கழற்றிக் கொடுத்த பழைய துண்டு ஒன்று. மேல் வரிசை மூடி மழை படாத பாதியில் நீலம் அப்படியே இருந்தது.

எழுதியவள் தமையனின் மகள். “ஆரம்மா உனக்கு இப்பிடிச் சொன்னது?” என்று கேட்டேன்.

“டாட்தான் சொன்னவர், சித்தி. சிம்பிளா வைச்சால்தானே ஆக்கள் வாசிப்பினம்.”

என் மனுசனைப் பார்த்தேன். அவர் மட்டன் ரோல்ஸைக் கடித்தபடி, “விடுமன். நல்ல நாளிலை ஏன்?” என்றார். விடுவதா! எத்தனை வருசம் விட்டேன்!

துண்டைத் தூக்கிக்கொண்டு நேரே தமையனிடம் போனேன். வந்திருந்த சனம் முழுக்கப் பார்த்தது.

“அத்தான், இது நீங்கள் போட்ட குறியோ?”

“ஓம் பிள்ளை. வேறை ஆர் போட்டது?”

“அப்ப இதிலை உங்கட வலக்கையை ஒருக்கால் வையுங்கோ பாப்பம்.”

அவர் கையை நீட்டினார். மூன்று கோட்டையும் பார்த்தார். பிறகு அந்தக் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.