அக்கா மறைத்துப் போட்டுக்கொண்ட ஊசி

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், மில் குடியிருப்பு நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சூரத்தில் துணி மூட்டை தூக்கினேன், லாரியில் கிளீனராகப் போனேன், பம்பாயில் ஓட்டலில் மாவு ஆட்டினேன். ஓர் ஊரில் கொஞ்ச நாள் தங்கினாலே எனக்குக் கால் நிற்காது. அதனால் அக்காவின் வாழ்க்கையை இடையிடையேதான் பார்த்திருக்கிறேன். பார்த்ததையும், அம்மாவும் அத்தானும் சொன்னதையும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஏரலில். அப்பா வாழைக்காய் மண்டியில் எடை போடுபவர். ஆற்றில் வெள்ளம் வந்தால் மண்டி மூடிவிடும். அந்த நாட்களில் வீட்டில் கஞ்சிதான். அக்கா ஆறாம் வகுப்பு படிக்கும்போது தொண்டை வலி வந்தது. உப்புத் தண்ணீர் கொப்பளித்துச் சரியானது. சில வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வடிவதற்குள் கணுக்கால், பிறகு மணிக்கட்டு. வாதம் என்று எண்ணெய் தேய்த்தார்கள். காய்ச்சல் விடவில்லை. அம்மா பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் அக்காவின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். தொண்டையில் வந்த கிருமியை எதிர்த்து உடம்பு போட்ட சண்டை மூட்டுகளையும் இதயத்தின் வால்வையும் தொட்டுவிட்டது என்றார். மூட்டு ஆறிவிடும், வால்வு ஆறாது. அந்தக் கிருமி மறுபடி தொண்டைக்கு வந்தால் வால்வு இன்னும் கெடும். வராமல் காப்பதற்கு மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி. அதைப் பல வருஷம் விடாமல் போட வேண்டும்.

அந்த ஊசியை நான் கூட இருந்து பார்த்திருக்கிறேன். பால் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். மெதுவாக ஏற்றினால் ஊசி அடைத்துக்கொள்ளும் என்று நர்சம்மா குலுக்கிக் குலுக்கி ஒரே மூச்சில் போடுவார். அதற்கு முன்னால் முன்கையில் ஒரு துளியைத் தோலுக்கடியில் விட்டுக் காத்திருக்க வேண்டும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உயிரே போகலாம். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று அம்மாவுக்குத் தைரியம் வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பும் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் அக்கா நின்றுகொண்டேதான் வருவார். உட்கார முடியாது.

வளர்ந்த பிறகு அக்கா தையல் கற்றுக்கொண்டார். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை பார்க்கும் அத்தானின் வரன் வந்தது. நோயைச் சொல்லலாமா என்று அம்மா கேட்டதற்கு அப்பா, "கழுத்துல தாலி ஏறட்டும். பொறவு பைய சொல்லிக்கிடலாம்" என்றார். ஊசி எதற்கு என்று அங்கே கேட்டால் ரத்தம் குறைவு, சத்து ஊசி என்று சொல்லும்படி அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நம்மில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை.

அத்தானின் அம்மாவை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்குச் சத்து ஊசி என்ற பேச்சு ஒட்டவில்லை. பிள்ளை உண்டாகாமல் இருக்க ஊசி வந்திருக்கிறது என்று அப்போது மில் குடியிருப்பில் ஒரு பேச்சு இருந்தது. குழாயடியில் அத்தை, "நாள் தவறாம போயி ஊசி குத்திக்கிட்டு வாராளே, எதுக்குங்கிய? வயித்துல தங்கிரக் கூடாதுன்னுதான்" என்று சொன்னது அக்காவின் காதிலேயே விழுந்தது. உண்மையைச் சொன்னால் ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்று அப்பாவின் பெயர் கெடும். அக்கா ஊசியை நிறுத்திவிட்டார்.

நிறுத்திய சில மாதத்தில் அக்கா உண்டானார். அத்தைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? "ஊசியை விட்டா, உண்டாயிட்டா. நான் சொன்னம்லா" என்று தெருவெல்லாம் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். அதன் பிறகு அக்கா ஊசியைப் பற்றி வாயைத் திறக்க வழியே இல்லாமல் போயிற்று.

இதற்கு நடுவில் ஒரு தடவை அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு டெட்ராசைக்ளின் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அதுவும் கிருமியைக் கொல்லும் மருந்துதானே என்று நினைத்துக்கொண்டார். பம்பாயில் எனக்குக் காலரா வந்தபோது குளுக்கோஸ் ஏற்றி அந்த மாத்திரையைத்தான் கொடுத்தார்கள், பிழைத்தேன். ஆனால் காலராவுக்குக் கேட்கிற மருந்து தொண்டைக் கிருமிக்கும் கேட்கும் என்று நம்ப முடியாது. பழைய சல்பா மாத்திரைகூட இந்தக் கிருமி வராமல் தடுக்கும், வந்ததை விரட்டாது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். இதற்குப் பெனிசிலின். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எரித்ரோமைசின்.

நான் பம்பாயிலிருந்து வந்து இறங்கியது அந்தச் சமயத்தில்தான். அக்கா தெருக்குழாயிலிருந்து குடத்தோடு வந்து, வாசற்படியில் வைத்துவிட்டுப் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். உதடு ஒரு மாதிரி நீலமாக இருந்தது.

"என்னக்கா, இப்படி மூச்சு வாங்குது?"

"பிள்ளத்தாச்சின்னா வாங்காதாலே? நீ சுமந்து பாரு, தெரியும்."

"கணுக்கால் வீங்கியிருக்கு. ஊசி போடுதியா?"

"பைய பேசு. அத்தை உள்ளதான் இருக்காவ."

"போடுதியா இல்லையா?"

அக்கா குடத்தை எடுக்க எழுந்தார், முடியவில்லை. நான் எடுத்து உள்ளே வைத்தேன்.

அத்தான் ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வந்ததும், அத்தை இருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்துப் பார்த்தார். அத்தைக்குக் கோபம் வந்தது.

"ஏன்வே, நோயை மறைச்சுப் பொண்ணைத் தள்ளிவிட்டுட்டு இப்ப எங்க தலையிலயா கட்டுதீரு?"

"கட்டலை அத்தை. இவ செத்துருவா. அதைத்தான் சொல்லுதேன்."

அத்தான் அக்காவைப் பார்த்து, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா" என்றார். சட்டையைக்கூட மாற்றாமல் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அத்தையும் பஸ்ஸில் ஏறிவிட்டார். நாங்கள் சொல்வது பொய்யா என்று தானே கேட்டுவிடுவது என்று வந்தார். பாளையங்கோட்டைக்குப் போகும்வரை அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்காக வாயைத் திறந்திருந்தார். வண்டி அம்பாசமுத்திரத்தில் நின்றபோது, இங்கேயே இறங்கி ஏதாவது ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாமா என்று நினைத்தேன். பழைய டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்று அக்கா தலையை ஆட்டிவிட்டார்.

டாக்டர் அறையில் அத்தைதான் முதலில் பேசினார். "இது பிள்ளை தங்காம இருக்க ஊசியா, இல்லையாய்யா? அதை மட்டும் சொல்லும்."

"இல்லம்மா. இதயம் கெட்டுப்போகாம இருக்க ஊசி. நிறுத்தினதாலதான் இப்படி வந்து நிக்குது. தாயும் பிள்ளையும் தங்குமான்னு இப்ப நான் சொல்ல முடியாது."

அத்தை வராந்தாவில் போய் உட்கார்ந்தார். பிரசவம் வரை அக்கா அங்கேயேதான் படுக்கையில் இருந்தார். நானும் எங்கேயும் போகவில்லை. ஒவ்வொரு நாளும் வார்டு கதவு திறக்கும்போது என்ன சொல்லப்போகிறார்களோ என்றுதான் இருந்தது. பெண் பிள்ளை பிறந்தது. இருவரும் பிழைத்தார்கள்.

அதன் பிறகு அத்தானே சைக்கிளில் வைத்து ஊசிக்குக் கூட்டிப்போனார். மதுரையில் பலூன் வைத்து, சுருங்கிப்போயிருந்த வால்வை விரித்துவிட்டார்கள். அதில் அக்காவுக்குச் சில நல்ல வருஷங்கள் கிடைத்தன. குடியிருப்பில் பாதிப் பிள்ளைகள் அக்கா தைத்த பாவாடையைத்தான் உடுத்தின. என் கிழிந்த சட்டைகளைத் தைத்துவிட்டு, "இதுக்கு ஒருத்தியைக் கட்டிக்கோலே, நான் எத்தனை காலத்துக்குத் தைப்பேன்?" என்பார். போன ஐப்பசி மழையில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. இந்தத் தடவை மருந்து கேட்கவில்லை. அத்தான் பக்கத்தில் இருக்க, ஒரு காலையில் அக்காவின் மூச்சு அடங்கியது.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளுக்கு இந்தக் கோடையில் முழங்கால் வீங்கியது. அதே நோய்தான். இதயம் இன்னும் அதிகம் கெடவில்லை என்கிறார் டாக்டர். பெனிசிலின் சோதனை ஊசியில் பிள்ளையின் கை தடித்துச் சிவந்துவிட்டது. அதனால் அவளுக்கு எரித்ரோமைசின் மாத்திரை, தினமும் காலையிலும் மாலையிலும், பல வருஷத்துக்கு. ஊசி என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு பயம். இது தினமும். வயிறு வலிக்கிறது என்று ஒருநாள் துப்பிவிட்டாள். இன்றைக்கு உள்ளே போனதா இல்லையா என்ற நினைப்பில்லாமல் எனக்கு ஒரு பொழுதும் கழிவதில்லை.

இதை எழுதக் கூடாது என்று சித்தப்பா சொன்னார். "நினைவு மலர்ல போயி நோயை எழுதுவாங்களாலே? நாளைக்கு அந்தப் பிள்ளையை ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்க வேண்டாமா?" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அத்தானிடம் கேட்டேன். "எழுதுங்க மாப்ளே. ஒளிச்சு வச்சு ஒருத்தியைக் குடுத்தாச்சு, போதும்" என்றார்.

ஆகவே உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அவள் வரும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு மாத்திரை போட்டாயா என்றும் எல்லார் முன்னிலையிலும் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குத் தொண்டை வலித்து மூட்டு வீங்கினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

பாளையங்கோட்டை நர்சம்மாவுக்கும், டாக்டருக்கும், மதுரைக்குக் கூட வந்த மில் தோழர்களுக்கும், கடைசி நாட்களில் சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லாரையும்விட அத்தைக்கு. சாயங்காலம் பிள்ளை விளையாடப் போய்விட்டால் அத்தை ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீருமாகத் தெருவில் இறங்கிவிடுகிறார். அவள் எந்த வீட்டில் இருந்தாலும் கேட்கும்படி, "ஏட்டி, உன் நெஞ்சு மாத்திரை இன்னா இருக்கு, வந்து தின்னுட்டுப் போ" என்று குழாயடியில் நின்று கூப்பிடுகிறார்.