தலைவர் கையெழுத்துப் போட்ட கல்யாணம்

கோயில் தலைவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டால் அரசாங்கமே அடங்கிவிடும் என்று நம்பியவன் நான். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அங்கேதான் தாலி கட்டினேன். மனைவி இந்தோனேசியாவின் மேடானிலிருந்து கையுறைத் தொழிற்சாலை வேலைக்கு வந்த தமிழ்ப் பெண். முந்நூறு பேர் சாப்பிட்டார்கள். தலைவர், முருகன் படமும் தங்கக் கரையும் போட்ட 'திருமணச் சான்றிதழ்' ஒன்றைக் கொடுத்தார். பதிவு இலாகாவில் பதியாத கல்யாணம் சட்டத்துக்குக் கல்யாணமே இல்லை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மகள் பிறந்ததும் பிறப்பைப் பதியப் போன இடத்தில் அந்தச் சான்றிதழை நீட்டினேன். அதிகாரி ஒற்றை விரலால் என் பக்கமே தள்ளிவிட்டார். பார்த்து முடித்துவிட்டார் என்று நினைத்து நன்றி வேறு சொன்னேன். பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கானெகாரா', அதாவது குடியுரிமை இல்லாதவர் என்றிருந்தது. அது மனைவியைப் பற்றியது என்று நானே தீர்ப்பு எழுதி, அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஆறு வயதில் மகள் சறுக்கு மரத்திலிருந்து விழுந்தாள். இடது முழங்கைக்குள் கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். மருத்துவமனை முகப்பில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண்.

“அண்ணே, பாப்பா வெளிநாட்டவர் கணக்குல வருது. முன்பணம் கட்டணும்.”

“நான் இங்க பொறந்தவன்லா. எங்கப்பாவும் இங்கதான்.”

“நீங்க சரிண்ணே. பதியாத கல்யாணத்துல பொறந்த பிள்ளை அம்மா பக்கம்தான் போகும்.”

என் அடையாள அட்டையை எடுத்து மகளின் நெற்றியில் வைத்துக் காட்டினேன், அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. “கைதான்ப்பா வலிக்குது, நெத்தி இல்ல” என்றாள் அவள்.

பணம் புரட்ட இரண்டு நாளானது. கம்பி வைத்து முடிந்ததும் தலைவர் வீட்டுக்குப் போனேன்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, தலைவரே.”

“சாமி முன்னால நடந்ததுக்கு எவன்கிட்டலா போயி பதியணும்? இதுவரைக்கும் யாரும் கேக்கல.”

சொல்லிக்கொண்டே தன் மகனின் கல்யாண அழைப்பிதழை என் கையில் வைத்தார். காப்பி கொண்டுவந்த அவர் மனைவி பெருமையாகச் சொன்னார்: “இவங்களுக்குப் பதிவெல்லாம் போன மாசமே முடிஞ்சிருச்சு தம்பி.”

காப்பியைக் குடித்து முடித்தேன். என்ன செய்வது என்று அந்த டம்ளருக்குள்ளேயே தெரிந்துவிட்டது.

பிறப்புப் பத்திரத்தை, மகள் பெயரை மறைத்து, நூறு நகல் எடுத்தேன். அந்த ஒற்றை வரிக்கு மட்டும் மஞ்சள் மை. கல்யாணத்தன்று வேட்டி சட்டையோடு வாசலில் நின்று, சந்தனம், கற்கண்டு, ஒரு நகல் என்று வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

“என்னாது, சாப்பாட்டு லிஸ்டா?” என்றார் ஒரு அக்கா.

“படிங்கக்கா. உங்க தலைவர் செஞ்சு வச்ச கல்யாணத்துல பொறந்த பிள்ளையோடது.”

படித்துவிட்டு அந்த அக்கா, பக்கத்தில் நின்ற தன் கர்ப்பிணி மகளிடம், “உன்னோடது பதிஞ்சாச்சா?” என்று கேட்டார். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் மேளக்காரரைப் பார்த்தான்.

தலைவர் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். “நல்ல காரியத்துல மானத்த வாங்காத தம்பி.”

“இன்னும் அறுபது இருக்கு தலைவரே. பந்திக்கு வேணும்.”

அன்றைக்குப் பாயசம் அவ்வளவு இனித்தது. இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன். இன்றுவரை அதற்காக வெட்கப்படவில்லை.

பிறகு நாங்களும் போய்ப் பதிந்தோம். மகள் பிறந்த நாளில் எங்கள் கல்யாணம் பதிவாகியிருக்கவில்லை என்பதால் அவள் நிலை மாறவில்லை. குடியுரிமை விண்ணப்பத்தைக் காரணம் சொல்லாமல் நிராகரித்தார்கள், மறுபடி போட்டிருக்கிறோம். அவளால் இடது கையை முழுதாக நீட்ட முடியாது. இந்த வருடம் அவளுக்குப் பன்னிரண்டு, இந்த நாட்டில் அடையாள அட்டை எடுக்கும் வயது. வகுப்பில் மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். அவளுக்குக் கிடைக்கவில்லை.