மாலாவுக்குச் சொல்லாத பாடம்

வங்காளத்து டாக்குரியாவில் எங்கள் ஃபிளாட் சங்கச் செயலாளர் வீட்டிலேயே கெமிஸ்ட்ரி டியூஷன் எடுப்பவர். என் மகளும் அவரிடம்தான் படித்தாள். துர்கா பூஜைக்கு முந்தைய நாள், துப்புரவு செய்யும் மாலாவிடம் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட் பாட்டிலையும் கொடுத்து, “தாடாதாடி! சீக்கிரம்!” என்று கீழ்த்தளக் கழிவறைக்கு விரட்டினார். வேலை சட்டென்று முடியட்டுமென்று மாலா இரண்டையும் ஒரே வாளியில் கொட்டிவிட்டாள்.

அடுத்த நொடியே பச்சை கலந்த மஞ்சள் புகை. இருமிச் சுருண்டவளை நான்தான் வாசலுக்கு இழுத்து வந்தேன். மூச்சு திரும்பியதும் அவள், அண்ணி என்று அழைக்கும் வங்காள முறையில், என்னிடம் கேட்டது: “பௌதி, வேலை பாதியில நிக்குதே, திட்டுவாரா?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே செயலாளர் வீட்டு வாசலுக்குப் போனேன். “மாஸ்டர்மொஷாய், ரெண்டையும் சேர்க்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று வங்காள மொழியில் கத்தினேன்.

“அவளுக்கு கெமிஸ்ட்ரி எங்கே புரியப்போகுது, பௌதி?”

“விஷம்னு சொன்னாப் புரியும்!”

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றோடு மகளை டியூஷனிலிருந்து நிறுத்தினேன்.

எந்த வினையும் கடைசியில் சமநிலைக்கு வந்துவிடும் என்று அவர் பாடம் நடத்துவது இன்றும் ஜன்னல் வழியே கேட்கிறது. மாலா இப்போதும் படியேறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறாள்.