துரை பாவித்த டிராக்டர்

புதுப் பச்சைப் பெயின்ட்டும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை இன்றைக்கும் எனக்குத் தலைவலி தரும். எந்தக் கடை வாசலில் அது வீசினாலும், மழைக்கு முன்னால் மண்ணைப் புரட்டியாக வேண்டிய ஒரு பருவத்தில் எங்கள் அப்பா டிராக்டர் தேடி அலைந்த அந்த ஒன்றரை மாதமும் அப்படியே திரும்பி வந்துவிடும், கூடவே அன்றைய எரிச்சலும் வரும்.

நாடு சுதந்திரம் பெற்றுப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். அப்பா இருபது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்துவிட்டு வெளியே வந்தவர். தொப்பி, காலுறை, கையில் ஒரு பிரம்பு என்று மலை மலையாக நடந்து, யாருக்கு முழுப்பேர், யாருக்கு 'அரைப்பேர்' என்று எழுதியவர். கொழுந்தோ வேலையோ குறைந்தால் அன்றைக்கு அரை நாள் சம்பளம், அதுதான் அரைப்பேர். அவர் நடத்திய மலைகளில் ஒன்றில் கொழுந்தெடுத்தவர்தான் எங்கள் அம்மா. அம்மாவுக்கும் அப்பா இரண்டு முறை அரைப்பேர் போட்டிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகும் அம்மா அதை மறக்கவே இல்லை.

பட்டிப்பொல ஸ்டேஷனுக்கு மேலே, தாத்தா தோட்டத்துக்கு ஆள் சேர்த்த பெரியகங்காணியாக இருந்த காலத்தில் வாங்கிப்போட்ட மூன்று ஏக்கர் காணி எங்களுக்கு இருந்தது. முழுவதும் சரிவு. அதில் உருளைக்கிழங்கும், வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸும் போட்டோம். மண்ணைப் புரட்டுவது நான்கு பல் வைத்த இரும்பு 'முள்ளு'. குத்துவது அம்மாவும் நானும். தம்பி அப்போது கைக்குழந்தை, அப்பாவோ வரப்பில் நின்று பிரம்பால் இடம் காட்டுபவர். இதனால் ஒவ்வொரு பருவத்திலும் மூன்று வாரம், நான்கு வாரம் என்று என் பள்ளிக்கூடம் போனது. ஏழாம் வகுப்பில் இருந்தபோது பெரிய வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார், "இந்தத் தடவையும் புள்ள நின்னுச்சுன்னா பேர வெட்டிருவேங்க." பேர் வெட்டுவது என்றால் என்னவென்று அப்பாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எத்தனையோ பேரின் பேரைத் தோட்டத்தில் அவரே வெட்டியிருக்கிறார். அன்று மாலையே அறிவித்தார்: "சின்னதா ஒரு டிராக்டரு வாங்கிருவோம். புள்ள ஒரு நாளும் நிக்க வேணாம்."

நான் அதை நம்பினேன். அட்டை கழன்ற புத்தகங்களுக்கெல்லாம் பசை காய்ச்சி ஒட்டி வைத்தேன்.

தேட ஆரம்பித்தார். வாங்கப் போவது பழைய மெசின். அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. தலவாக்கலையில் ஒன்று இருந்தது. சிவப்பாக இருக்கிறது, நம் குடும்பத்துக்குச் சிவப்பு ஆகாது என்று திரும்பி வந்தார். பொகவந்தலாவைக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் ஒரு நாள் முழுவதும் போய் இன்னொன்றைப் பார்த்தார். அதை விற்றவர், தாத்தா காலத்தில் எங்களோடு கோயில் திருவிழாவில் முறைத்துக்கொண்ட ஒரு கங்காணியின் மருமகன். "அவன் கை பட்ட மெசினு நம்ம மண்ணுல ஓடாது" என்றார். நான் நாட்காட்டியில் தாள் கிழித்துக்கொண்டிருந்தேன். மழையோ ஹோட்டன் சமவெளிப் பக்கம் கறுத்துக்கொண்டே வந்தது.

எல்லா மெசினிடமும் அவர் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "யாரு பாவிச்சது?" முன்பு யார் கையில் ஓடியது என்பதுதான் அவருக்கு முக்கியம். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன பொருளுக்கெல்லாம் எங்கள் ஊரில் 'தொரை சாமான்' என்று பெயர். தொரை சாமான் என்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. துரை வீட்டுக் குளிக்கும் தொட்டியை ஒருவர் வாங்கிவந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அப்பாவும் துரையின் கோட் ஒன்றை வாங்கி, அதன் கைகள் விரல்நுனியைத் தாண்டித் தொங்கினாலும் மடிக்காமல் போட்டுக்கொண்டு திரிந்தார்.

கடைசியாக நுவரெலியாவில் ஒரு நானாவின் கடைப் பின்கட்டுக்குப் போனோம். பழைய வாகனம் வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரி அவர். அம்மாவும், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்தே தீருவேன் என்று வந்திருந்தார். அங்கே இரண்டு சின்ன டிராக்டர்கள் நின்றன. ஒன்று, வெலிமடைப் பக்கத்துக் கிழங்குத் தோட்டத்தில் உழைத்தது. மட்கார்ட் நசுங்கி, இருக்கையில் சாக்குக் கட்டி, டயரின் பள்ளத்தில் சேறு காய்ந்து கிடந்தது. மற்றது பச்சைப் பெயின்ட்டில் மினுமினுத்தது. நானா ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஐயா, இந்தப் பச்ச மெசின் தொரைட பங்களாவுல புல்லு வெட்டினது. ஒங்கட காணிக்கு சரிவராது. கெழங்குக்கு அந்தா நிக்கிதே, அதப் பாருங்க. கலப்பையும் சேத்தே தாறன்."

சேறு பிடித்ததை அந்தக் குளிரில் ஒரே இழுவையில் ஓடவும் வைத்துக் காட்டினார். அப்பாவின் காதில் 'தொரை' என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் விழவில்லை. பச்சை மெசினைச் சுற்றி வந்தார், பானெட்டைத் தட்டினார், டயரை உதைத்தார், விளக்கைத் துடைத்தார். பிறகு எங்கள் பக்கம் குனிந்து, "பாத்தியா, நல்ல சாமான வேற யாருக்கோ ஒளிச்சு வைக்கிறாரு. அதான் வேணாங்குறாரு" என்றார். விற்கிறவனே வேண்டாம் என்று சொல்லும் பொருளை, அதற்காகவே வாங்கத் துடித்த மனிதரை நான் என் வாழ்நாளில் வேறு எங்கும் பார்க்கவில்லை.

அம்மா முன்பக்கம் போகவே இல்லை. பின்னால் குனிந்து, கலப்பை பூட்டும் இரும்புத் துளையில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"ஏங்க, முள்ளுப் பிடியப் பாத்தாலே வேல செஞ்ச கை தெரியும். இதுல ஒரு கீறல்கூட இல்லீங்களே. இது எதையும் இழுத்ததே இல்லைங்க."

"தொரை சாமானு அப்பிடித்தான் கீறல் இல்லாம இருக்கும். ஒனக்கு என்னா தெரியும்?"

பச்சை மெசின் லொறியில் வந்து இறங்கியது. அப்பா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தேங்காய் உடைத்தார். தினமும் காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால், விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெரட்டு எடுப்பவர்போல நிற்பார். பொருந்துகிற கலப்பை கிடைக்காமல், கிடைத்த பழைய கலப்பையைப் பூட்டத் தோட்டத்துக் கொல்லனிடம் ஒரு கொக்கி அடித்து வாங்குவதில் மேலும் பத்து நாள் போனது. அந்தப் பத்து நாளும் எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. புரளாத மண்ணும் அப்படியே இருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து லயத்து வரிசை வீடுகளின் ஆட்களெல்லாம் கூடி நிற்க, கலப்பையைப் பூட்டி ஓட்டினார். சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது. மறுபடி முடுக்கினார். வண்டி மெதுவாகப் பக்கவாட்டில் வழுக்கி, அப்பாவையும் தூக்கிக்கொண்டு, வரப்பைத் தாண்டி லீக்ஸ் பாத்திக்குள் போய் உட்கார்ந்தது. யாருக்கும் அடி இல்லை. வண்டியின் வயிற்றுக்கடியில் ஏற்றிவைத்திருந்த புல்வெட்டும் கத்தி மட்டும் இறங்கிச் சுழன்று, பாதி பாத்தி லீக்ஸை விரற்கடை உயரத்துக்கு மிக நேர்த்தியாக வெட்டியிருந்தது. அது செய்யத் தெரிந்த வேலையைக் குறையில்லாமல் செய்துவிட்டது. எங்கள் மூன்று ஏக்கரில் வெட்டுவதற்குப் புல்வெளிதான் ஒரு சாணும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் அம்மா இரண்டு முள்ளுகளை எடுத்து வந்து, ஒன்றை என்னிடம் நீட்டினார். தூறல் தொடங்கியிருந்தது. நான் பள்ளிக்கூட உடுப்பில் நின்றேன். அழக்கூடாது என்று நினைத்து அழுதேன். அவ்வளவு கோபம் அதற்கு முன்னும் பின்னும் யார்மீதும் எனக்கு வந்ததில்லை. வாசலில் நின்ற அப்பா என்னைப் பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றி டிராக்டரின் இருக்கையில் போட்டார். என் கையிலிருந்த முள்ளை வாங்கினார்.

"புள்ளய விடு. அது போகட்டும்."

அவர் முள்ளுப் பிடித்து நான் கண்டது அதுவே முதல் தடவை. ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடம் போனேன். சாயந்திரம் திரும்பி வந்தபோது அம்மாவின் பக்கம் ஆறு பாத்தி புரண்டிருந்தது, அப்பாவின் பக்கம் இரண்டரை. இரண்டு உள்ளங்கையும் கொப்புளம் உடைந்து, சேற்றில் உட்கார்ந்திருந்தார். அம்மா வரப்பில் ஏறி நின்று, அவருடைய பிரம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் பாத்திகளை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"ஒங்களுக்கு இன்னைக்கு அரைப்பேருதாங்க."

"போட்டுக்க" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அந்தப் பருவம் முடியும்வரை ஒரு நாளும் அவர் முள்ளைக் கீழே வைக்கவில்லை. என் பேரும் வெட்டப்படவில்லை.

இப்போது அந்தத் துரையின் பங்களா ஒரு ஹோட்டல். பச்சை மெசின் பல வருடம் கோழி முட்டையிடும் இடமாக இருந்து, பிறகு பழைய இரும்புக்காரரோடு போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனார்கள். போன வாரம் தம்பி மகன் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். காணிக்குச் சின்ன டிராக்டர் ஒன்று பார்த்திருக்கிறானாம். "அத்த, டாக்டர் ஒருத்தரு பாவிச்சதாம். ஒரே கைதான். புதுசு மாதிரி இருக்கு பாருங்க."

"பின்னால கலப்பை பூட்டுற எடத்தப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுடா" என்றேன்.

"அதெல்லாம் யாரு அத்த படம் எடுத்துப் போடுவாங்க?"

அவனும் விளக்குகளைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தலை வலித்தது. வாங்கு ராசா, கூடவே இரண்டு முள்ளும் வாங்கி வை என்றேன். அரைப்பேர் போடத்தான் அம்மா இல்லை.