ஆர்லோ ஹாகனும் பென்ராடின் ரிவால்வரும்

ஆர்லோ ஹாகனிடம் யாராவது என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், "அப்ப ஊர் ஊரா கேஸ் அளந்தேன், இப்ப கதை அளக்கறேன்" என்பார். முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிழக்கு மொன்டானாவின் பண்ணை வீடுகளுக்கு எரிவாயு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். இரண்டாம் பாதியை வெகுநாள் வேடிக்கைக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் உண்மை என்பது அவருக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

அவருடைய கிறுக்கு பழைய ரிவால்வர்கள். அதிலும் ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால்தான் சுடும் 'சிங்கிள் ஆக்‌ஷன்'. அதிலும் உடம்பெல்லாம் கொடியும் இலையுமாகச் செதுக்கியவை. வாங்கியதில் ஒன்றைக்கூட அவர் சுட்டதில்லை. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு எடுப்பார், விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பெருமூச்சு விட்டுத் திரும்ப வைப்பார். "என் கையப் பிடிச்ச அன்னிக்கு நீ கையுறை போட்டிருந்தியா?" என்று அவர் மனைவி வெர்னா கேட்பாள். ஆர்லோ கையுறையைக் கழற்றாமலே அடுத்த ரிவால்வரை எடுப்பார்.

வருஷா வருஷம் மார்ச் மாதத்தில் சந்தை மைதானத்துக் கூடத்தில் துப்பாக்கிக் கண்காட்சி நடக்கும். அங்கே காபிக்கும் கறிக்குழம்பு ஊற்றிய, பன் மாதிரியான பிஸ்கெட்டுக்கும் நடுவே, 'போலியைக் கண்டுபிடிப்பது எப்படி' என்று ஆர்லோ பேசுவார். பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் குறிப்பெடுப்பார்கள். அந்த மீதிப் பேரின் முகத்தில் விழிக்கத்தான் இப்போது அவருக்குக் கூச்சமாக இருக்கிறது.

விஷயம் இதுதான். பக்கத்து மாநிலத்தில் ஒரு பண்ணைக்காரர் இறந்துபோக, அவர் சாமான்களை ஏலம் விட்டார்கள். அங்கே ஒரு ரிவால்வர் வந்தது. காய்ச்சிய காபி நிறத்தில் பழுப்பேறிய இரும்பு, உடம்பு முழுக்கக் கொடி வேலைப்பாடு, கைப்பிடியின் பின்பட்டையில் டி.பி. என்று இரண்டு எழுத்து. ஆர்லோ சொக்கிப்போய் வாங்கிவிட்டார். அதைச் செய்த தொழிற்சாலைக்கு எழுதிக் கேட்டதில், அந்த எண்ணுள்ள துப்பாக்கி எந்த வேலைப்பாடும் இல்லாமல் மொட்டையாகத்தான் எங்களைவிட்டுப் போனது என்று பதில் வந்தது. வேறு எவனாக இருந்தாலும் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். ஆர்லோ சந்தோஷப்பட்டார். அப்படியானால் ஊர்க்காரர்கள் கூடி, நகைக்கடைக்காரரிடம் கொடுத்துச் செதுக்கி, யாருக்கோ மரியாதை செய்திருக்கிறார்கள்! அன்றைக்குத் தன் புத்தி மேயப் போயிருந்தது என்று அவரே சொல்வார்.

அப்புறம் டி.பி.யைத் தேடிக் கல்லறை கல்லறையாக அலைந்தார். மூன்று பேர் தேறினார்கள். ஒன்று கைக்குழந்தை. ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் டோபியாஸ் பென்ராட், மாட்டுத் திருட்டைத் தடுக்க அரசாங்கம் வைத்திருந்த ஆள். பல் பிடுங்குகிறவருக்கு எதற்கு ரிவால்வர்? வாய் திறக்காத நோயாளியை மிரட்டவா? ஆர்லோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பென்ராடைப் பிடித்துக்கொண்டார்.

பென்ராடின் பேரன் எமரி, தொண்ணூறைத் தாண்டியவர், மைல்ஸ் சிட்டியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். இல்லத்து மேலாளர் குண்டு இல்லை என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு, ஆர்லோ ரிவால்வரைக் கிழவரின் மடியில் வைத்தார். எமரி அதை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு "தாத்தாவோடதுதான்" என்று சொல்லி அழுதார். ஆர்லோவும் அழுதார். வீட்டுக்கு வரும் வழியில் லாரிக்காரனுக்கு இத்தனை கண்ணீரா என்று தன்னையே கேட்டுக்கொண்டு மறுபடி அழுதார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் ரிவால்வரை எடுத்துக்கொண்டு கிழவரிடம் போவது வழக்கமாயிற்று. வாரத்துக்கு ஒரு கதை வந்தது. பனிப்புயலில் திருடர்களைத் துரத்திய கதை, ஆற்றங்கரையில் மறைந்திருந்து பிடித்த கதை. ஆர்லோ அவற்றையெல்லாம் அட்டையில் எழுதிக் கண்காட்சியில் ரிவால்வருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அட்டை துப்பாக்கியைவிடப் பெரிதாகிவிட்டது.

போன மார்ச்சில், எமரியின் பிறந்தநாளுக்கு முந்தின நாள், கண்காட்சிக்கு மேஜை தூக்கிப் போட்டுவிட்டு ஆர்லோ வீட்டுக்கு வந்தார். சமையலறையில் வினிகர் வாசனை. வெர்னா இரும்பு நாரும் கையுமாக நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்து பாரு. பெரியவர் பொறந்தநாளுக்கு இந்த அழுக்கோடயா கொண்டு போவே? பளபளன்னு ஆக்கிட்டேன்."

பழம்பொருள் சேர்க்கிறவன் வீட்டில் கொலைக்கு அடுத்த குற்றம் பழுப்பைத் தேய்ப்பது. ஆர்லோ போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"நூறு வருஷத்துப் பழுப்புடீ அது! நூறு வருஷம்!"

"நூறு வருஷமா? ரெண்டு தேய்ப்புல வந்துடுச்சே!" என்றாள் வெர்னா.

கத்தலை விட்டுவிட்டு ஆர்லோ ரிவால்வரை வாங்கினார். உண்மையான பழுப்பு அவ்வளவு சுலபமாக உரிந்து வராது. அதை அவரேதான் வருஷா வருஷம் மேடையில் சொல்வார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். இரும்பில் பழைய துரு அரித்த குழிகள் தெரிந்தன. கொடியும் இலையும் அந்தக் குழிகளை அறுத்துக்கொண்டு, விளிம்பு மழுங்காமல் ஓடின. டி.பி. என்ற எழுத்துக்களும் அப்படியே. துரு பழசு, செதுக்கல் புதுசு. எவனோ சமீபத்தில் ஒரு மொட்டைத் துப்பாக்கியைச் செதுக்கி, எதையோ பூசிப் பழுப்பாக்கி, ஒரு ஏமாளிக்காகக் காத்திருந்திருக்கிறான். ஏமாளி கையுறையோடு வந்து சேர்ந்தான்.

"நான் கெடுத்துட்டேனா?" என்றாள் வெர்னா. இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீ எங்க கெடுத்தே? போலியக் கண்டுபிடிக்கறது எப்படின்னு இனிமே நீயே பேசு. நான் பின்னால ஒக்காந்து தூங்கறேன்."

துப்பாக்கி போனதற்காக அவரால் சிரிக்க முடிந்தது. எமரியை நினைத்தபோது சிரிப்பு வரவில்லை. கிழவருக்கு இருந்தது ஒரு ஜன்னல், ஒரு ரேடியோ, இந்தத் தாத்தா. தாத்தாவைக் கொண்டுவந்து கொடுத்ததே ஆர்லோதான். இப்போது பிடுங்கிக்கொள்ளவும் அவரேதான் போக வேண்டும்.

"சொல்லாம விட்டுடேன். அவருக்கு என்ன தெரியப் போகுது?" என்றாள் வெர்னா.

"வாரா வாரம் அந்த முகத்தப் பாத்துப் பொய் சொல்லணுமே வெர்னா. ஏமாளியா இருந்துட்டேன், சரி. ஏமாத்துக்காரனா வேற ஆகணுமா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்து வெர்னா சுட்ட பணியாரத்தோடு போனார். அந்தப் புளிப்புப் பணியாரம் என்றால் எமரிக்கு உயிர். கிழவர் ரிவால்வரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"குளிப்பாட்டிட்டியா?"

ஆர்லோ திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னார். துரு, குழி, செதுக்கல், ஏலம், தன் முட்டாள்தனம் எல்லாவற்றையும். எமரி ஒரு துண்டைத் தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லி முடிச்சாச்சா?"

"ஆச்சு பெரியவரே."

"எங்க தாத்தா ஜென்மத்துல துப்பாக்கியத் தொட்டதில்ல. சத்தம்னாலே அவருக்கு ஆகாது. சந்தைக்கு வர்ற மாட்டுக்கு யாரு சூடு போட்டதுன்னு குனிஞ்சு பாத்து எழுதறதுதான் அவரு வேல. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு. அவரு சாதிச்சது அவ்வளவுதான்."

ஆர்லோ நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "அப்ப பனிப்புயல்?"

"ரேடியோல கேட்டது."

"ஆத்தங்கரை?"

"அது என் சொந்தச் சரக்கு. ஒரு நாள் சொன்னேனே, தாத்தா சுத்தியலத் தொடாம விசைய மட்டும் அழுத்தி டப்டப்புன்னு ரெண்டு சுட்டாருன்னு? சொன்ன கையோட நாக்கக் கடிச்சுக்கிட்டேன். இந்தத் துப்பாக்கியில அது நடக்காதாமே, பக்கத்து ரூம்காரன் சொன்னான். செத்தோம், இந்த ஆளு பிடிச்சுடுவாருன்னு நெனச்சேன். நீ 'அடேயப்பா'ன்னு சொல்லி எழுதிக்கிட்டே!"

கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த வரி அட்டையில் இருந்தது. மூன்று கண்காட்சிகளாக அத்தனை நிபுணர்களும் அதைப் படித்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ஆனா மொத நாள் அழுதீங்களே?" என்றார் ஆர்லோ.

எமரியின் சிரிப்பு அடங்கியது. "எவனோ ஒருத்தன் வாசல்ல நின்னு என் பேரச் சொல்லி விசாரிச்சான். எத்தன வருஷத்துக்கு அப்புறம். அழாம என்ன பண்ணுவேன்? எங்க தாத்தாவோடது இல்லன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, அடுத்த வாரம் வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டார். நேரே பல் டாக்டரின் குடும்பத்தைத் தேடிப் போயிருப்பார். அது இருவருக்குமே தெரிந்தது. ஆர்லோவுக்கு வெட்கமாக இருந்தது. போலித் துப்பாக்கிக்காக வராத வெட்கம் இதற்கு வந்தது.

"எடுத்துக்கிட்டுப் போ," என்று எமரி ரிவால்வரை நீட்டினார். "இனிமே நீ இங்க வர்றதுக்கு ஒண்ணும் இல்ல."

ஆர்லோ அதை வாங்கிப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு, பணியாரத்தில் தனக்கும் ஒரு துண்டு வெட்டிக்கொண்டார்.

"அந்த இடுப்பு போன தாத்தாவப் பத்திச் சொல்லுங்க."

"அதுல ஒரு சுவாரசியமும் இல்லப்பா."

"நான் கேஸ் லாரி ஓட்டினவன். அதவிடவா?"

கிழவர் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார். பிறகு தொடங்கினார். தாத்தாவுக்கு மாடுகளென்றால் பயமாம். சூடு பார்க்கப் போகும்போது மாட்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குனிவாராம். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை இருவரும் பேசினார்கள்.

சாயங்காலம் வீட்டில் போன் அடித்தது. வெர்னா எடுத்துப் பேசிவிட்டு, குழாயைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"யோவ், துப்பாக்கிய அங்கயே வெச்சுட்டு வந்துட்டியாம். பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்காங்களாம். உடனே வந்து எடுத்துக்கறியான்னு கேக்கறாங்க."

ஆர்லோ தன் கைகளைப் பார்த்தார். காரில் வந்த வழியெல்லாம் அது நினைவுக்கே வரவில்லை.

"அவசரமில்லன்னு சொல்லு," என்றார். "ஞாயித்துக்கிழமை அங்க போகத்தானே போறேன்."