ஆள் வாழாத கரையில் என் அக்கா

பூங்கா வாசலில் நட்டிருந்த பலகையை நான் இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் பிழையாக வாசித்துவிட்டேனோ என்ற ஐயத்தில் இரண்டாம் தரம். 'மனிதர் வாழ்ந்திராத கரை' என்று எழுதியிருந்தது. என் கூடப் பிறந்தவள் ஒருத்தி அந்தக் கரையில் புதைக்கப்பட்டிருக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் அன்று அம்மா எங்களோடு வந்திருந்தார்.

போர் முடிந்து, ஓடிப்போன சனங்கள் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பிவந்து குடியேறிக்கொண்டிருந்த காலம். மடு மாதா கோயிலின் ஆடித் திருவிழா முடிந்த அடுத்த சனிக்கிழமை. கனடாவிலிருந்து என் தம்பி தன் மகளோடு எங்கள் ஊரான பேசாலைக்கு வந்திருந்தான். அங்கே விடுமுறை கிடைத்தால் மலைக்காடுகளில் நடப்பார்களாம். இங்கேயும் ஒரு நாள் முழுக்க நடக்கவேண்டும் என்று தேடி, தெற்குக் கரையை ஒட்டிய இந்தத் தேசியப் பூங்காவைக் கண்டுபிடித்தான். 'கடினமான நடை' என்று இணையத்தில் போட்டிருந்ததே அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அம்மா தானும் வருவதாகச் சொன்னபோது சிரித்தான்.

"அம்மா, அது மடு றோட்டு இல்லை. காடு, மணல், வெயில்."

"நீ நடக்கப் போறாய். நான் என்ர மூத்தவளைப் பாக்கப் போறன். பேசாமல் என்னையும் ஏத்து."

அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

வாடைக்காற்று தொடங்கினால் பேசாலைக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் எங்கள் ஆட்கள் வள்ளங்களில் தெற்குக் கரைக்குப் போய், ஓலைக் குடில் போட்டு, மீன் பிடித்துக் காயவைத்து, காற்று மாறிய பிறகுதான் திரும்புவார்கள். அந்தக் குடியிருப்பை வாடி என்போம். பெண்கள், பிள்ளைகள், கோழி, சட்டி பானை எல்லாம் வள்ளத்தில் ஏறும். எனக்கு மூத்தவள் அங்கேதான் வயிற்றோட்டத்தில் இறந்தாள். தவழவே தொடங்காத பிள்ளை. அன்றைக்குக் கடல் விடவில்லை. ஊர்ச் சேமக்காலைக்குக் கொண்டுபோக வழியில்லாமல், அப்பா வாடிக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்துச் சிலுவை நட்டார். பிறகு ஒவ்வொரு பருவமும் நானும் தம்பியும் அந்தச் சிலுவையடியில் முழங்காலில் நின்று செபம் சொல்லியிருக்கிறோம். வாடி அக்கா என்றுதான் அவளைச் சொல்வோம்.

பிறகு போர் வந்தது. கரை மூடப்பட்டது. நாங்கள் இந்தியாவுக்கு ஓடினோம். அப்பா அங்கே அகதி முகாமில் இறந்தார். அந்த இடத்தைச் சரியாகக் காட்டக்கூடியவர் அம்மா ஒருவர்தான் மிச்சம். அவருக்கு முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. அடுத்த வருடமும் இப்படி நடப்பார் என்று நான் நம்பவில்லை.

ஜீப் எங்களைக் காட்டு விளிம்பில் இறக்கிவிட்டது. அதற்கு அப்பால் காவலர் ஒருவரின் துணையோடு மட்டும் நடக்கலாம். தம்பி பையிலிருந்து இரண்டு மடக்குத் தடிகளை எடுத்து நீட்டிப் பூட்டினான்.

"என்னடா இது, ரெண்டு ஊன்றுகோல்? உனக்கு அவ்வளவு வயசு போட்டுதோ?" என்றார் அம்மா.

"இது முழங்காலுக்கு நல்லம் அம்மா. இந்தாங்கோ, ஒண்டைப் பிடியுங்கோ."

"எனக்கு வேண்டாம். நான் ஆடு மேய்க்கவே வந்தனான்?"

சூரை முள் சேலையைப் பிடித்து இழுத்தது. செம்மண் பாதை முடிந்து, கால் புதையும் மணல் தொடங்கியது. ஓர் இடத்தில் அம்மா கையை நீட்டினார். தம்பி ஒரு தடியைக் கொடுத்தான்.

காவலர் தெற்கிலிருந்து வேலைக்கு வந்த சிங்கள இளைஞர். தமிழ் ஓரளவு பேசினார். வழியில், வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வதை எங்களுக்கும் சொன்னார்: "இந்த ஏரியா முந்தி இருந்தே ஆக்கள் இல்லை. மிருகம், குருவி மட்டும்தான்."

எனக்குப் பொறுக்கவில்லை. முத்துக்குளிப்புக் காலத்தில் இந்தக் கரையில் ஒரு நகரமே எழும்பி அடங்கியதை வெள்ளைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள் என்றேன். கடையும் கோயிலும் பள்ளிவாசலும் இருந்தன என்றேன். முன்னால் போகிற இந்த மனுசி இங்கே சோறு காய்ச்சியவர் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"ஐயா, சொல்லச் சொன்னதுதான் நான் சொல்றது," என்றார் அவர்.

அதற்கு மேல் அவரிடம் கோபப்பட முடியவில்லை. அந்த வசனத்தை எழுதிக் கொடுத்தவர் எங்கோ மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருந்திருப்பார். அவர் முகம் தெரியாதது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

கரைக்கு வந்தோம். சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. அம்மாவிடம் இருந்த அடையாளம் ஒன்றுதான். "ரெண்டு பாலை மரமும் ஒண்டாய் நிக்கும். அதுக்கு நேரே வாடி." எனக்கும் அது நினைவிருந்தது. ஒரே கொப்பாய் விரிந்த பெரிய மரம், அடியில் இரண்டு என்று தெரியும். வடக்கே நடந்தோம், இல்லை. வந்த வழியே திரும்பித் தெற்கே நடந்தோம். பாலை மரங்கள் அங்கங்கே நின்றன. சேர்ந்து நின்றவை எவையும் இல்லை. தம்பியின் மகள் தன் தண்ணீரை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வெறும் போத்தலோடு நடந்தாள்.

"மரம் விழுந்திருக்கும் அம்மா. இவ்வளவு காலம்," என்றான் தம்பி.

"ரெண்டும் விழுந்ததோ?"

அவர் மணலில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தடியை ஊன்றி எழும்பினார்.

"நாங்கள் ஒரு நாளும் இப்பிடிக் காட்டாலை வரேல்லையடா. கடலாலை எல்லோ வந்தனாங்கள்!"

சொல்லிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். காவலர் பதறிப்போய், "எபா அம்மா, எபா! வேண்டாம்! கடலுக்கு இறங்கத் தடை!" என்று கத்தினார். நானும் தம்பியும் ஓடிப்போய் ஆளுக்கொரு கையைப் பிடித்தோம். நெஞ்சளவு தண்ணீர். அலை வந்து வந்து அடித்தது. அம்மா கரையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, எங்களைப் பக்கவாட்டில் இழுத்தார்.

"இன்னும் தெற்கை... இன்னும்... நில்."

கரையோரம் ஒரு பாலை. வெகு உள்ளே, மேட்டில் இன்னொன்று. இவ்வளவு நேரமும் தனித்தனியே தெரிந்த அந்த இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி, ஒரே மரமாகிவிட்டன. தலைமுறை தலைமுறையாகக் கடலில் நின்று கரையை அடையாளம் பிடித்த குடும்பம், காலை முழுக்க அந்த அடையாளத்தைத் தரையில் தேடி அலைந்திருக்கிறோம்.

நனைந்த உடுப்போடு நேரே ஏறினோம். மணல் மேட்டைத் தாண்டியதும் கம்பி வேலி குறுக்கே வந்தது. வேலிக்குள்ளே புதிதாகக் கட்டிய விடுதி. பூங்காவுக்கு வருகிறவர்கள் இரவு தங்குவதற்கானது. முன் விறாந்தையும் சீமெந்து முற்றமும், பின்னால் தண்ணீர்த் தாங்கியும் இருந்தன. வாடி இருந்த இடத்தில் முற்றம். அக்கா அதற்குப் பின்னால். சிலுவை இருந்த தடயமே இல்லை.

"உள்ளுக்குப் போக ஏலாது. புக் பண்ணின ஆக்கள் இருக்கு," என்றார் காவலர்.

அம்மா வாதாடவில்லை. இடுப்பில் பொலித்தீனில் சுற்றிச் செருகியிருந்த மெழுகுதிரியை எடுத்தார்.

"அம்மா, நெருப்புத் தடை."

முற்றத்தில் விருந்தினர் கோழி வாட்டிக்கொண்டிருந்தார்கள். புகை வேலியைத் தாண்டி எங்கள் முகத்துக்கே வந்தது. அம்மா அதைக் காவலருக்குக் கையால் காட்டினார்.

"அது என்ன தம்பி, சாம்பிராணியே?"

காவலர் மெழுகுதிரியை உள்ளே வைக்கும்படி சைகை செய்தார். என் தம்பி கைபேசியை எடுத்தான். அவனுக்குத் தெரிந்த வழி அது. "அம்மா, நான் இதைப் புக் பண்ணுறன். அடுத்த கிழமை வந்து உள்ளுக்கை இருந்து ஆறுதலாய்ச் செபம் சொல்லலாம்."

"என்ர பிள்ளையைப் பாக்க நான் றூம் எடுக்கோணுமோ?"

அவன் கைபேசியைப் பைக்குள் போட்டான். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு செபத்தை உரக்கச் சொன்னார். விருந்தினர் திரும்பிப் பார்த்தார்கள். காவலர் நேரத்தைப் பார்த்தாரே தவிர, நிறுத்தச் சொல்லவில்லை.

காட்டைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. பறவைக்கும் மானுக்கும் இடம் வேண்டும். ஓலைக் குடில் போட்டவன் காட்டைக் கெடுப்பான் என்றால், சீமெந்து முற்றம் போட்டவன் என்ன செய்கிறான்? ஒரு சனத்தை ஓடவிட்டு, அவர்கள் திரும்பிவருவதற்குள் இங்கே எவரும் இருந்ததில்லை என்று பலகை நட்டு, அந்த வெறுமையை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஊர் திரும்பியதும் இதையே மீனவர் சங்கத்திலும் பங்குத்தந்தையிடமும் அரசாங்கக் கந்தோரிலும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பலகை அப்படியே நிற்கிறது.

அந்த வாசலால் இனிமேல் வரமாட்டேன் என்று அம்மா ஜீப்பில் ஏறும்போதே சொல்லிவிட்டார். கார்த்திகை எங்களுக்கு ஆன்மாக்களின் மாதம், இறந்தவர்களுக்காகச் செபம் சொல்லும் காலம். தெற்குக் கடல் அப்போது அமைதியாக இருக்கும். கரையோர ஊரான சிலாவத்துறையில் உறவுக்காரர் ஒருவரின் வள்ளத்தைக் கேட்டு நாங்கள் கடலால் போகத் தொடங்கினோம். கரையில் இறங்கக் கூடாது என்பது சட்டம். இறங்குவதில்லை. கடற்காற்றில் மெழுகுதிரியும் நிற்பதில்லை.

சென்ற கார்த்திகையிலும் போனோம். அம்மாவை இரண்டு பேராகத் தூக்கித்தான் வள்ளத்தில் ஏற்றினோம்.

"மாமி, ரெண்டும் ஒண்டாய் வந்திட்டுது," என்றார் வள்ளக்காரர்.

அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "இந்த மரங்களை வெட்டிப்போடுவாங்களோ?"

"வெட்டேலாது மாமி. பூங்கா மரம். கை வைச்சால் பிடிச்சு மறியலிலை போட்டிடுவாங்கள்."

"ஓம், மரத்துக்கெண்டால் சட்டம் இருக்கு," என்றார் அம்மா. "சரி, எஞ்சினை நிப்பாட்டு. பிள்ளைக்குச் செபம் சொல்லோணும்."