அசையாத எண்கள்

திருவொற்றியூரில் இறால் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது தந்த ஆர்டரில் என் பதவிக்கு நீளமாக ஏதோ பெயர் இருக்கிறது. அங்கே எல்லாருக்கும் நான் ‘சிஸ்டம் பொண்ணு’தான். பிரின்டர் ஓடாவிட்டாலும் கூப்பிடுவார்கள், கேமரா தெரியாவிட்டாலும் கூப்பிடுவார்கள். என் தங்கையும் அதே கம்பெனியில்தான், இறால் உரிக்கும் கூடத்தில். எர்ணாவூரிலிருந்து காலையில் இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வருவோம். கேட்டுக்குள் நுழைந்ததும் அவள் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டு, ரப்பர் பூட்ஸும் முடியை மூடும் தலைவலையும் மாட்டிக்கொண்டு கீழே போய்விடுவாள். நான் மாடிக்குப் போவேன். சாயங்காலம்தான் மறுபடி பார்ப்போம்.

இறாலை உறைய வைக்கும் குளிர் அம்மோனியாவிலிருந்து வருகிறது. கம்ப்ரஸர் அறையிலிருந்து புறப்பட்டு, கூரையோரக் குழாய்களில் கட்டடம் முழுக்கச் சுற்றிவரும். குழாய்க்குள் இருக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. வெளியே கசிந்தால் கண் எரியும், மூச்சு அடைக்கும், அதிகமானால் நின்ற இடத்திலேயே ஆள் விழுவார். ஆலைகளுக்கு நடுவே வாழும் எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றில் புதிதாக ஒரு நாற்றம் வந்தால் சன்னலைச் சாத்துவதா, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று யோசித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். கசிவைத் தெரிந்துகொள்ளக் கம்பெனியில் அங்கங்கே வாயுவை மோப்பம் பிடிக்கும் சென்சார்கள் வைத்திருந்தார்கள். அவை சொல்லும் எண்கள் என் மேசைத் திரையில் தெரியும்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். மழைக்கு முந்தைய புழுக்கம். திரையில் எல்லாமே பச்சை. வேறு எதையோ யோசித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவோ சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. பிறகுதான் புரிந்தது, எண்கள் அசையவில்லை.

கம்ப்ரஸர் அறையில் எப்போதும் லேசாக வாயு இருக்கும். அந்த எண் மூன்று, நான்கு, மறுபடி மூன்று என்று ஆடிக்கொண்டே இருக்கும். அன்று மூன்றிலேயே நின்றது. மற்ற இடங்களிலும் அப்படியே. கிராஃபைத் திறந்தேன். காலை ஷிஃப்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்திலிருந்து எல்லாக் கோடுகளும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போயிருந்தன.

சென்சாரிடமிருந்து பதில் வராதபோது, அந்த மென்பொருள் கடைசியாகக் கேட்ட எண்ணையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. காலையில் இருந்த பச்சையை மதியம் வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இந்த நிமிடம் கீழே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றுமே நடக்காமல் இருக்கலாம், கசிந்துகொண்டும் இருக்கலாம். இரண்டுக்கும் திரை ஒரே மாதிரிதான் இருக்கும்.

கம்ப்ரஸர் அறைக்கு இன்டர்காமில் அடித்தேன். மணி போகும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

மானேஜரிடம் ஓடினேன். அவர் தூத்துக்குடிக்காரர், நிதானமானவர்.

“சார், சென்சார் லைன் விழுந்துடுச்சு. காலையிலேர்ந்து நாம பார்க்கறது பழைய ரீடிங்.”

“எல்லாம் பச்சையாத்தானம்மா இருக்கு?”

“அது காலையில இருந்த பச்சை சார். இப்ப என்னன்னு தெரியாது. கம்ப்ரஸர் ரூமுக்குப் போனும் போகல.”

அவர் முகம் மாறியது. உடனே முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். முதலாளி தூத்துக்குடியில் வீட்டில் இருந்தபடியே இதே திரையைத் தன் செல்போனில் பார்ப்பவர். எங்கள் காம்பவுண்டுக்குள் கம்ப்யூட்டர்களை இணைத்திருப்பது ‘லேன்’ என்கிற உள்வலை. அதுவே கம்பெனியைத் தாண்டி, ஊர் தாண்டி ஊர் போய்ச் சேரும்போது ‘வேன்’ என்கிற பெருவலை. கடல் தாண்டிக்கூடப் போகும். ஆனால் இங்கே இருப்பதைத்தான் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

“என் போன்ல எல்லாம் பச்சையாத்தான தெரியுது வே,” என்றார் முதலாளி. “கண்டெய்னர் ஏத்துத நேரத்துல எதுக்குப் பதறுதீரு?”

மானேஜர் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். நான் சொல்வது தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதும் பயம், சரியாக இருந்தால் என்ன ஆகும் என்பதும் பயம்.

சைரனை அடித்துவிடலாமே என்று தோன்றும். ஒருமுறை தரை கழுவும் மருந்தின் நெடி பட்டு சென்சார் கத்தி, சைரன் அடித்து, ஈரத் தரையில் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. மானேஜரின் கண்ணில் அந்த நாள்தான் இருந்திருக்கும்.

“டீயைச் சீக்கிரம் விடச் சொல்லுதேன்,” என்றார் கடைசியில். “எல்லாரும் மெதுவா வெளிய வரட்டும். கடல் பக்கமா நிக்கட்டும், காத்து அங்கேருந்துதான் வருது. நீ ஆபரேட்டரைக் கூட்டிட்டுப் போயி லைனைப் பாரு. ஏதாவதுன்னா நான் யாரையும் கேக்க மாட்டேன், சைரனை அடிச்சிருவேன்.”

கம்ப்ரஸர் ஆபரேட்டர் கேன்டீனில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். கொருக்குப்பேட்டைக்காரர். அந்தக் கட்டடத்தில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று அவருக்குத் தெரியும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

“இன்னாமா, மூஞ்சி பேயறஞ்ச மாரி கீது?”

சொன்னேன். அவர் கையைத் துடைக்காமலே நடக்க ஆரம்பித்தார்.

“உள்ள ரிலீவர் ஒத்தன்தான் கீறான்,” என்றார். அவர் சாப்பிடப் போகும்போது மாற்றாக நிற்கும் ஆளைத்தான் ரிலீவர் என்போம்.

இறால் உரிக்கும் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்கள் மேசை மேசையாக நின்றிருந்தார்கள். டீ விடச் சொன்ன செய்தி இன்னும் அங்கே வந்து சேரவில்லை. என் தங்கை இரண்டாவது மேசையில் ஐஸ் தண்ணீரில் கை விட்டபடி நிமிர்ந்து பார்த்தாள். என்ன என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். நான் ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டுக் கடந்தேன். கால்தான் முன்னால் போனது.

டிப்ளமோ படிக்கும்போது நெட்வொர்க்கின் அமைப்புகளைப் படமாக வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். மாடியில் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் இருப்பது ஸ்டார் அமைப்பில். நடுவில் ஒரு சுவிட்ச் பெட்டி. அதிலிருந்து ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனி கேபிள். ஒரு கேபிள் போனால் ஒரு கம்ப்யூட்டர்தான் போகும். கீழே சென்சார்கள் இருந்ததோ பஸ் அமைப்பில். ஒரே கேபிள் கட்டடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும். வழியிலுள்ள சென்சார் எல்லாம் அதில்தான் தொங்கும். செலவு குறைவு. நடுவில் எங்கே அறுந்தாலும் அதற்கு அப்பால் இருப்பவை ஊமை. மூன்றாவது, ரிங். கடைசியையும் முதலையும் வட்டமாகச் சேர்த்துவிட்டால், ஒரு பக்கம் அறுந்தாலும் செய்தி மறுபக்கம் சுற்றிக்கொண்டு வரும். அதைப் போடச் சொல்லி நான் கேட்டிருந்தேன். சீசன் முடியட்டும் என்றார்கள்.

நடைவழியின் பாதியில் ஒரு ஜங்ஷன் பெட்டி இருக்கிறது. அதில் லேப்டாப்பை மாட்டி ஒவ்வொரு சென்சாரையும் கூப்பிட்டேன். ஆபீஸ் பக்கம் இருந்தவை திக்கித் திக்கிப் பதில் சொல்லின. பாதி வார்த்தை வந்தது, பாதி குப்பை. கேபிளின் இரண்டு கடைசியிலும் ஒரு சிறு ரெசிஸ்டர், மின்தடை, இருக்க வேண்டும் என்பது இந்த வகை இணைப்பின் விதி. அது இல்லாவிட்டால் போன சிக்னல் அறுந்த முனையில் முட்டித் திரும்பி வரும், காலி சின்டெக்ஸ் தொட்டிக்குள் பேசுகிற மாதிரி. அந்த எதிரொலி நன்றாக இருக்கும் சென்சாரின் பேச்சையும் கெடுத்துவிடும். அதனால்தான் திரையில் எல்லா எண்களும் ஒன்றாக நின்றிருந்தன. கம்ப்ரஸர் அறைப் பக்கம் கூப்பிட்டேன். அங்கிருந்து எதுவுமே வரவில்லை.

“அறுந்தது அந்தப் பக்கம்ணா,” என்றேன்.

குளிரறைகளுக்கு நடுவிலுள்ள சந்தில் திரும்பியதும் பார்த்தோம். கேபிள்கள் போகும் இரும்புத் தட்டு, அதை நாங்கள் ட்ரே என்போம், கூரையிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. அதைத் தாங்கிய கொக்கி உப்புக்காற்றில் இற்று முறிந்திருந்தது. விழுந்த வேகத்தில் சென்சார் கேபிளும் இன்டர்காம் ஒயரும் சேர்ந்தே பிய்ந்திருந்தன.

எனக்கு மூச்சு வந்தது. “ட்ரேதாண்ணா விழுந்திருக்கு. வேற ஒண்ணும் இல்ல.”

அவர் ட்ரேயைப் பார்க்கவில்லை. அதன் முனை போய்க் குத்தி நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் போகும் அம்மோனியாக் குழாயின் மேல் போர்வை அங்கே கிழிந்து, ஒரு வால்வுக்குப் பக்கத்தில் நசுங்கியிருந்தது.

“ஒயரு மேல வுய்ந்துச்சா, பைப்பு மேல வுய்ந்துச்சான்னு பாரு,” என்றார் மெதுவாக.

மீனும் பிளீச்சிங் பவுடரும் கலந்த நெடியில் எங்கள் மூக்கு எப்போதோ மரத்துப்போயிருந்தது. அம்மோனியா நெடி இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கண் எரிந்தது. அது வாயுவா, வேர்வையா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. சுவர்ப் பெட்டியில் இரண்டு மாஸ்க் இருந்தன. அவற்றில் ஒன்றின் கேனிஸ்டர், வாயுவை வடிகட்டும் டப்பா, காலாவதியாகியிருந்தது. அவர் நல்லதை எடுத்து மாட்டிக்கொண்டார். கையில் பிடிக்கும் சின்ன மீட்டரை எடுத்தார்.

“நான் வால்வாண்ட பாத்துட்டு ரூமுக்குள்ள போறேன். நீ இந்தத் திருப்பத்துக்கு இப்பால நில்லு. நான் வெளிய வர்லன்னா உள்ள மட்டும் வந்துடாத. ஓடிப்போயி சைரன் அட்ச்சுடு.”

“எவ்வளவு நேரம் பாக்கறதுண்ணா?”

“ஒனக்கே தெரியும்.”

எனக்குத் தெரியாது. அவர் வால்வருகே குனிந்தார், நிமிர்ந்தார், கையசைத்துவிட்டுக் கம்ப்ரஸர் அறைக் கதவைத் திறந்து உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. ஒரு கணம் வெளியே வந்த இயந்திரத்தின் உறுமல் மறுபடி சுவருக்கு அப்பால் போனது. அந்தக் கையசைப்பு ‘ஒன்றும் இல்லை’ என்பதா, ‘வராதே’ என்பதா? நான் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். முந்தானை நுனியை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டால் கொஞ்ச நேரம் தாங்கும் என்று எங்கள் குடியிருப்பில் சொல்வார்கள். நான் போட்டிருந்தது சுடிதார். துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்தேன். நனைக்கத் தண்ணீர் இல்லை. தூரத்தில் டீ மணி அடித்தது. பூட்ஸ் கால்கள் சளசளவென்று வெளியே போகும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். எண்ணிப் பார்க்க முடியாத அத்தனை பேரில் என் காது தங்கையின் குரலைத் தேடியது. கேட்கவில்லை.

ஓடலாமா என்று கால் இரண்டு தடவை திரும்பியது. ஓடினால் அவரை விட்டுவிட்டதாக ஆகும். நின்றால் சைரனைத் தாமதித்ததாக ஆகும். நான் ஓடவும் இல்லை, தைரியமாக நிற்கவும் இல்லை. உடம்பு அசையவில்லை, அவ்வளவுதான்.

கதவு திறந்தது. மாஸ்க்கைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஆபரேட்டர் வந்தார். அவருக்குப் பின்னால் ரிலீவர், காதில் சத்தத்துக்கு மாட்டும் மூடியோடு.

“இன்னாணா ஆச்சு, என்னிய இப்டி இஸ்துகினு வர்ற,” என்று கேட்டுக்கொண்டே வந்தார் அந்த ஆள்.

“ஒண்ணும் இல்லம்மா,” என்றார் ஆபரேட்டர் என்னிடம். “வால்வு நல்லாத்தான் கீது. போர்வதான் கியிஞ்சிது. மீட்டரு எப்பவும் காட்றதத்தான் காட்டுது.”

மீட்டரை வாங்கி நானும் ஒருமுறை பார்த்தேன். அதற்குள் ரிலீவருக்கும் விஷயம் புரிந்து, அவர் காது மூடியைக் கழற்றினார். அன்று அந்த அறையில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தாலும், மாடியில் பச்சையாகவே தெரிந்திருக்கும்.

சென்சார்கள் பேசும் வரை யாரையும் உள்ளே விட மாட்டேன் என்று மானேஜர் சொல்லிவிட்டார். முதலாளி இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. அறுந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு துண்டுக் கேபிளைச் சேர்த்தேன். நிறம் பார்த்து இரண்டே ஒயரை முறுக்குவது சாதாரண வேலை; அன்று திரும்பத் திரும்ப நழுவியது. ஆபரேட்டர் டார்ச் பிடித்தபடி, “அவசரப்படாத, காத்தாலேர்ந்து அறுந்துதான் கெடந்துச்சு,” என்றார். அது ஆறுதலாக இல்லை.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எர்ணாவூர் பாலம் வந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

“கண்ணாடி வழியா என்னப் பாத்த இல்ல?”

“பாத்தேன்.”

“வெளிய வாடின்னு ஒரு கை காட்டியிருக்கலாம்ல?”

“நீ ஒருத்தி எழுந்து ஓடி வந்தா மத்தவங்க என்ன ஆவாங்க? போன தடவை விழுந்த மாதிரி விழுவாங்க.”

“அத்த நானும் ரோசிச்சேன்,” என்றாள். “இருந்தாலும் நீ காட்டியிருக்கணும்.” பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்டெய்னர் லாரிகளைப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் என்னோடு முன்போலப் பேச ஒரு வாரமாவது ஆகியிருக்கும்.

சீசன் முடியும் வரை இந்தமுறை காத்திருக்கவில்லை. முதலாளி நேரில் வந்து, தொங்கிய ட்ரேயையும் நசுங்கிய குழாய்ப் போர்வையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரிங் போட ஒத்துக்கொண்டார். ஆபீஸில் போடும் சாதாரணத் தாமிர நெட்வொர்க் கேபிள் நூறு மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட தரவிதி. எங்கள் கட்டடத்தைச் சுற்றிவர அது போதாது. அதனால் கண்ணாடி இழையாலான ஃபைபர் கேபிள் இழுத்தோம். போகும் வழி ஒரு சுவர், வரும் வழி வேறு சுவர். பதில் வராத சென்சார் இனிமேல் பச்சையாகக் காட்டாது, சிவப்பாகி மணி அடிக்கும். சைரனுக்குத் தனி ஒயர் போட்டோம். கேனிஸ்டர்களை மாற்றினோம்.

விஷயம் அதற்குள் இறால் மேசைகளுக்குப் போயிருந்தது. சொன்னது என் தங்கைதான். ஒருநாள் டீ நேரத்தில் அவளே வந்து, “அவங்க எல்லாம் கேக்கறாங்க, நீயே வந்து சொல்லு,” என்று என்னைக் கூட்டிப்போனாள். பேக்கிங் கூடத்துச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். முதலில் இருந்த நேர்க்கோடு. ஆபீஸில் இருக்கும் ஸ்டார். இப்போது போட்டிருக்கும் வட்டம். வட்டத்தில் ஓரிடத்தில் குறுக்கே கோடு போட்டு, அறுந்தாலும் செய்தி இந்தப் பக்கமாகச் சுற்றி வந்துவிடும் என்று விரலை ஓட்டிக் காட்டினேன். ரப்பர் பூட்ஸ்கள் சுற்றி நின்று குனிந்து பார்த்தன.

மணிக்கட்டு முறிந்திருந்த அந்த அம்மா வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு எடத்துல அறுந்தா இன்னாமா ஆவும்?”

ஒன்றும் ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நடுவுல மாட்டறதெல்லாம் பேசாதும்மா,” என்றேன். “ஆனா பேசலன்னு மணி அடிக்கும்.”

டீ கிளாஸ்களை வைத்துவிட்டு, தலைவலையைச் சரிசெய்துகொண்டு, கை கழுவும் தொட்டிப் பக்கம் ஒவ்வொருவராக நடந்தார்கள்.